எத்தனாவது அட்டை?

கோவை கணபதியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் டெய்சியம்மாவிடம் ஒரு முடிவுக்காக ஜெபிக்கச் சொல்லிப் போனால், உடனே முட்டி போட்டுவிட மாட்டார். "முடிவு யாருக்குங்க? அவிங்களக் கேட்டீங்களா?" என்பார். இல்லையென்றால், கேட்டுவிட்டு வரச் சொல்வார். பாஸ்டரையே ஒருமுறை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தத் துணிச்சல் சும்மா வந்ததில்லை.

கணவர் இறந்தபின் பதினோரு வருடம் செம்புக் கம்பி சுற்றியே மகள் எப்சிபாவைப் படிக்க வைத்தவர் டெய்சி. தொண்ணூற்றாறில் பவானியிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் தாமஸ் ஜமக்காளக் கடை வைத்திருந்தான். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

டெய்சி வாக்குத்தத்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள். ஜெபித்துவிட்டு ஒன்றை உருவினால் அதுதான் கர்த்தரின் பதில் என்பது அந்த வீட்டு வழக்கம். முதல் அட்டை காத்திருக்கச் சொன்னது. சரியாக ஜெபிக்கவில்லையோ என்று இன்னொன்றை உருவினார். அது மழையைப் பற்றிப் பேசியது. மூன்றாவதில்தான் வீடு தழைக்கும் என்று வந்தது. "ஸ்தோத்திரம்!" என்று பெட்டியை மூடிவிட்டார். கர்த்தரின் பொறுமை பெரியது!

மறுநாள் பட்டறையில் கை ஓடவில்லை. சுற்று எண்ணிக்கை இரண்டு தடவை தவறியது. 'அவர் சொன்னதையா கேட்டேன்? என் ஆசையை அவர் வாயில் போட்டுவிட்டேனே' என்று மனசு குத்தியது. வெட்கமாகவும் இருந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பையனை நேரில் பார்த்தே விடுவோம் என்று பவானிக்கு பஸ் ஏறிவிட்டார்.

கடையில் தாமஸ் தனியாகத்தான் இருந்தான். மரியாதையாக ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். மடித்த ஜமக்காளத்தையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தவன் கடைசியில் வாயைத் திறந்தான்.

"ஏனுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இப்பக் கல்யாணத்துல மனசில்லீங்க. அம்மா அட்டை எடுத்தாங்க, நல்ல வசனம் வந்துருச்சுங்க. கர்த்தரே சொல்லிட்டாருன்னு ஊட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்காங்க. என்னையத்தான் யாருமே கேக்கலீங்க."

"எத்தனாவது அட்டை, கண்ணு?"

"நாலாவதுங்க."

டெய்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "நீ வெசனப்படாத. நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரும் பஸ்ஸில்தான், தானும் மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைத்தது.

வீட்டில் எப்சிபா அரிசி களைந்துகொண்டிருந்தாள். டெய்சி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மணி, உனக்கு இந்தச் சம்பந்தம் புடிச்சிருக்குதா?"

எப்சிபா ஈரக்கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இல்லீங்கம்மா. ஒரு வாரமா ஒரே ஜெபந்தான் பண்ணுனேன். நீங்க என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு."