டாக்டரம்மாவின் தலையாட்டல்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால் கெட்டியாக வந்தால்கூட இன்றைக்கு இதில் என்ன கலந்திருக்கிறது என்று முகர்ந்து பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னிடம், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற ஒரு மாணவி வந்து சேர்ந்தார்.

மாணவி என்றால் சின்னப் பெண் இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்த டாக்டர், ஒடிசாக்காரர். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். நோயாளிகள் சொல்வதை நர்ஸ் பக்கத்தில் நின்று அவருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "மூணு மாசம் தமிழ் சொல்லிக்குடுங்க. அதுக்கப்புறம் அவங்க நர்ஸ் இல்லாம தனியா உக்காரலாமான்னு நீங்கதான் சொல்லணும். சரிப்படாதுன்னா நான் வேற டாக்டர் பாத்துக்கறேன்" என்றார்.

சாயங்காலங்களில் என் வீட்டில் வகுப்பு. அவருக்காக நான் என் பேச்சை நிதானமாக்கினேன், வாக்கியங்களை நறுக்கினேன். கொஞ்ச நாளில் வீட்டிலும் அதே பேச்சு வந்துவிட்டது. "சோறு. ஆறிவிடும். சாப்பிடுங்கள்" என்று நான் சொன்னதைக் கேட்டு என் கணவர், "எனக்கும் கிளாஸ் எடுக்கறியா?" என்று கேட்டார்.

பலன் இருந்தது போலத்தான் தெரிந்தது. "புரிந்ததா?" என்பேன். "புரிந்தது" என்று தலையாட்டுவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் போகப் போக அந்தத் தலையாட்டல் என்னை உறுத்த ஆரம்பித்தது. லேசான வாக்கியத்துக்கும் கடினமான வாக்கியத்துக்கும் ஒரே ஆட்டல், ஒரே சிரிப்பு. மூன்று மாதம் முடியப் போகிற வாரத்தில் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"நேற்று வேடந்தாங்கலில் ஒரு கொக்கு எங்கள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கருங்குழி பஸ் ஏறிப் போய்விட்டது" என்றேன்.

"அப்படியா, சரி சரி" என்று தலையாட்டினார்.

எனக்குப் பகீரென்றது. நாளைக்கு யாராவது நெஞ்சு வலி என்று வந்து நின்றாலும் இப்படித்தானே ஆட்டுவார்? இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறாரே என்று கோபமும் வந்தது. மறுநாள் காலையில் வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெரிய டாக்டர் இன்னும் வரவில்லை. என் மாணவியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நர்ஸ் யாருக்கோ ஊசி போடப் போயிருந்தார். உள்ளே மீன் விற்கிற அம்மா ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்துலேந்து வவுறு இஸ்துப் புடிக்குதும்மா. ஒண்ணியும் துன்ன முடில."

"புரியல. மறுபடி சொல்லுங்க."

"இன்னாம்மா, அப்பத்லேந்து சொல்லிகினு கீறேன்."

"இன்னும் ஒரு தடவை. மெதுவா."

அந்த அம்மா எழுந்து நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இங்க. இங்க இஸ்துப் புடிக்குது."

"இங்க கீதா, அந்தப் பக்கமா?"

'இருக்கிறதா' என்பதை 'கீதா' என்று கேட்க நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்கு தடவை அவர் அந்த அம்மாவை நிறுத்தினார், வாந்தி உண்டா என்றும் கேட்டார். முகத்தில் துளிக் கூச்சம் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். "நேத்துலேந்து வலி. இந்தப் பக்கம். சாப்பிட முடியல. வாந்தி இல்ல. சரியா?"

"அக்காங், அதான்" என்று அந்த அம்மா சிரித்தார்.

அந்த அம்மா போனதும் உள்ளே போனேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நேத்து நான் சொன்ன கொக்கு கதை புரிஞ்சுதா?"

"புரியல."

"அப்ப ஏன் தலையாட்டினீங்க?"

அவர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "அந்த அம்மாகிட்ட கேட்டா, மறுபடி சொல்றாங்க. உங்ககிட்ட கேட்டா, நீங்க பெருமூச்சு விடுறீங்க. அப்புறம் சின்னப் பாப்பாக்கு சொல்ற மாதிரி சொல்றீங்க. தலையாட்டினா உங்களுக்கு சந்தோஷம்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. முதல் வாரத்தில் அவர் நிறையக் கேட்டார் என்பதும், பிறகு கேட்பதை விட்டுவிட்டார் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெரிய டாக்டர் வந்தார். "என்ன, தனியா உக்காரலாமா?"

"உக்காரலாம் சார்."

"எல்லாம் புரியுதா?"

"புரியலைன்னா கேக்கறாங்க. புரியற வரைக்கும் ஆளை விடறதில்ல."

அவருக்கு ஒரே சந்தோஷம். "மூணு மாசத்துல நல்லாத் தேத்திட்டீங்களே. அடுத்து ஒருத்தர் வராங்க, அவங்களையும் உங்ககிட்டயே அனுப்பறேன்" என்று எனக்கு டீ சொன்னார். என்னிடம் டாக்டரம்மா கற்றுக்கொண்டது தலையாட்ட மட்டும்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.