சீட்டுக்கு அடியில் மாட்டிய பரிசு

தினமும் காலையில் என்னோடு சைக்கிள் ஓட்டும் நண்பர், சீட்டுக்கு அடியில் மாட்டும் சிறு பையைப் பிறந்தநாள் பரிசாகத் தந்தார். அதை மாட்டிய கொஞ்ச நாளில் என் சைக்கிள் பேன்ட் உள்தொடையில் நைந்துபோனது. திருப்பூர்க்காரனுக்கு முதலில் துணிமேல்தானே சந்தேகம் வரும்? "துணி மட்டமுங்க," என்றார் நண்பரும். அந்தப் பேன்ட்டைத் தைத்துத் தந்த மனைவியிடம் கத்தினேன்.

ஒருநாள் நண்பர் வீட்டுக் கொடியில் அதே இடத்தில் நைந்த பேன்ட் ஒன்று தொங்கியது.

"ஏனுங்க, உங்களுதுமா?"

"அந்தப் பையோட வெல்க்ரோ பட்டை தொடையில உரசுமுங்க. அதனாலதான் கழட்டி உங்களுக்குக் குடுத்தேன்," என்று சிரித்தார்.

வெல்க்ரோவின் மேல் பனியன் துணியைச் சுற்றித் தைத்தபடி மனைவி கேட்டாள்: "என்னைய அத்தனை திட்டுனீங்க. அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. காலையில் அவர் காத்து நிற்கும் தெருமுக்கில் மட்டும் இப்போது நான் சைக்கிளை நிறுத்துவதில்லை.