மாமாவின் தீவில் எத்தனை தமிழர்

ஆளுக்கொரு சின்ன ஊரைப் பற்றி விவரக்குறிப்பு எழுதி வரும்படி ஆசிரியை சொன்னபோது, மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்க் குளித்த கடற்கரைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரை விட்டு எங்கும் போகாத எனக்கு மாமாதான் கதி. அம்மாவின் தம்பி. நோர்வேயின் வடக்கே, பெயரைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவர் நாக்கும் சுழலாத ஒரு தீவில், மீன் ஆலையில் வேலை செய்தார்.

ஞாயிறுகளில் அம்மா அவரோடு போனில் கதைப்பார்.

“இண்டைக்கு ஆர் தம்பி சமையல்?”

“பொடியளின்ரை முறை, அக்கா.”

மூன்று தமிழ்ப் பொடியன்களோடு ஒரே வீட்டில் இருப்பதாக மாமா சொல்லியிருந்தார். “நீ தனிச்சுப் போனியெண்டா அடுத்த கிழமையே வந்து கூட்டிக்கொண்டு வந்திடுவன்” என்று அம்மா வெருட்டுவார். செய்யக்கூடியவர்தான்.

அந்த ஞாயிறு அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். நான் கொப்பியும் பென்சிலுமாக விசாரணையைத் தொடங்கினேன். கடை ஒன்று. தேவாலயம் ஒன்று. காற்று விட்டால் கப்பல் வரும். குளிர்காலத்தில் சூரியனே இல்லை. தை மாதம் அது திரும்பி வரும் நாளில் பள்ளிக்கூடத்தில் இனிப்பு பணிஸ் ரொட்டி கொடுப்பார்களாம்.

“தமிழர் எத்தனை பேர், மாமா?”

“ஒராள்.”

“மற்ற மூண்டு பேர்?”

“அவை எப்பவோ ஒஸ்லோவுக்குப் போட்டினம். பள்ளிக்கூடத்துக்குப் பொய் எழுதக் கூடாது பிள்ளை, ஒண்டெண்டே போடு. கொம்மாட்டை மட்டும் சொல்லிப்போடாதை. அந்தரப்பட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திடுவா.”

பெரியவர்களின் இரகசியம் ஒன்று கைக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “இங்கே ஒரேயொரு தமிழர் வாழ்கிறார், அவர் என் மாமா” என்று எழுதினேன். வகுப்பே கை தட்டியது. ஆசிரியை அதைச் சுவரில் குத்தி வைத்தார். அம்மாவுக்கு நான் காட்டவில்லை.

மார்கழியில் ஆலையிலிருந்து போன் வந்தது. மாமா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லையாம். கதவை உடைத்துப் பார்த்தபோது கட்டிலில் கிடந்தாராம். நெஞ்சுவலி.

அம்மா, துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்டார்: “கூட இருந்த பொடியள் ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லையோ?”

எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. வாக்குத் தவறாத பிள்ளை என்று மாமா மெச்சுவார் என்றுகூட நினைத்தேன். மாமா ‘ஒராள்’ என்று சொன்ன அந்த ஞாயிறு அம்மா பக்கத்துச் சமையலறையில்தான் நின்றார், ஒருதரம் கூப்பிட்டிருந்தால் போதும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.