காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம்

பனியன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களின் மானம் போவது, யாரும் நிரப்பாமல் விட்ட கட்டங்களில்தான். நான் திருப்பூர் நல்லூரில் சின்னதாக ஆபீஸ் போட்டு இந்த வேலை செய்கிறவள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு விவரம் அனுப்பும்போது, பொட்டலம் சிறிதாக இருக்கட்டும் என்று பூஜ்யங்களைக் கழற்றிப் போட்டுவிடும். வாங்குகிற கம்ப்யூட்டர், வராததை எல்லாம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். இதில் சிக்கித் தலைமுடி இழந்த சகாக்களே, கீழே உள்ளதெல்லாம் ஒரே கம்பெனியில் நான் பட்டது.

பாய்லர் அண்ணனின் டி-ஷர்ட்

ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் டி-ஷர்ட் தருவதாக முடிவாகி, ஆள் ஆளாக சைஸ் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பாய்லர் பார்க்கும் மாரியப்பன் அண்ணன் அன்றைக்குத் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அவர் கட்டம் காலி. காலியாக இருந்தால் பட்டியலின் முதல் சைஸை எடுத்துக்கொள்ளும்படி நான்தான் எழுதியிருந்தேன். அந்தப் பட்டியலில் முதல் சைஸ், பிறந்த குழந்தைக்கானது.

பூஜையன்று முதலாளி கையால் பொட்டலம் வாங்கி அங்கேயே பிரித்த அண்ணன், சட்டையை உள்ளங்கையில் விரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமே இல்லை. "நான் பொறக்கையிலேயே நாலு கிலோ மேடம். இது அப்பவே எனக்குப் பத்தியிருக்காதுல்லா?"

சுருங்காத துணி

கம்பெனியின் சோதனை லேபில் துணியைத் துவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பவர் செல்வி அக்கா. ஒரு துணி துளியும் சுருங்கவில்லை. பெருமையோடு பூஜ்யம் என்று ஏற்றினார். என் புரோகிராம் வழியில் அதைக் கழற்றிவிட, துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் கம்ப்யூட்டர் "சோதிக்கப்படவில்லை" என்று திருப்பி அனுப்பியது. அக்கா மறுபடி துவைத்தார். மறுபடி பூஜ்யம். மறுபடி "சோதிக்கப்படவில்லை". ரிப்போர்ட் போகாவிட்டால் ஆர்டர் ரத்து என்று பையரிடமிருந்து மெயில் வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஐந்தாவது தடவையாக, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றித் துணியை வதைத்துக்கொண்டிருந்தார். பூஜ்யமும் சேர்ந்து போகும்படி மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் பாஸ். அக்காவுக்கு ஆறவில்லை. "ஏனுங்க, துணி கொஞ்சமாச்சும் கெட்டுப்போனாத்தான் உங்க கம்ப்யூட்டரு நம்புமாங்க?"

பட்டன் இல்லாத காலர்

அடுத்தது காலர் வைத்த டி-ஷர்ட். பட்டன் இரண்டா மூன்றா என்று பையர் சொல்லவில்லை. ஆர்டரை ஏற்றியவர் கட்டத்தைக் காலியாக விட்டார். தையல் பிரிவின் கம்ப்யூட்டர் காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. மூவாயிரம் சட்டை, பட்டனும் இல்லை, காஜாவும் இல்லை, கழுத்து ஆவென்று திறந்தபடி தயாரானது. முதலாளி பழனிச்சாமி என்னைக் கூப்பிட்டு அந்தக் குவியலின் முன்னால் நிற்கவைத்தார். ஒரு சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் போட்டோ எடுத்து பையருக்கு அனுப்பினோம். அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது! புது மாடலாம்; அடுத்த ஆர்டரும் அதே போல, இரண்டு மடங்கு. அதற்குள் நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி, பட்டன் கட்டம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் ஆர்டரே நகராதபடி செய்திருந்தேன். முதலாளி போனில் வந்தார். "அம்மிணி, நீங்க பண்ணுன அந்தத் தப்பை இன்னொருக்கா கரெக்டாப் பண்ணிக் குடுங்க."

புதுச் சலுகை

கடைசியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் "இன்னும் தெரியாது" என்று ஒரு தேர்வு வைத்தேன். இனி எந்தக் கம்ப்யூட்டரும் தானாக எதையும் கற்பனை செய்யாது என்று நிம்மதியாக டீ குடித்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் துணி ரகம், கலர், டெலிவரி தேதி எல்லாமே "இன்னும் தெரியாது". ஒரு ஆர்டரில் பையர் பெயரே இன்னும் தெரியாது.

சூப்பர்வைசர் தங்கவேலிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் முகம் மலர்ந்து சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க மேடம், தெரியாதுன்னு சொன்னா திட்டு வாங்காம இருக்கறது இந்தக் கம்பெனியில எங்களுக்கு இதுதானுங்க மொதத் தடவை."

எதுவும் சொல்லாமல் இருப்பதற்கும் "ஒண்ணுமில்லை" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் கல்யாணமான எவருக்கும் ஒரே வாரத்தில் விளங்கிவிடுகிறது. அதைக் கம்ப்யூட்டருக்கு விளக்குவதிலேயே என் ஆயுசு போய்க்கொண்டிருக்கிறது.