உள்பக்கம் வெளியே

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் தையலக்கா பேசுவார், சிரிப்பார், தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி ஆளையும் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தோள்பட்டைத் துணியில் குத்திக்கொள்வார். வாய் காலியாகிவிட்டால் எதிரே நிற்பவர் நகர்ந்துவிடுவது நல்லது. அன்றைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நான் எட்டிப் பார்த்தபோது அவர் தோளெல்லாம் ஊசி.

காரணம், கொழுந்தன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. கீழே ஒரே கார் ஷெட். மரம் அறுக்கும் பழைய மெஷின் ஒன்றை வைக்க அதில் இடம் கேட்டு நடையாய் நடந்து வாங்கியிருந்தார் அக்கா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த எஃகுப் பட்டை. அந்தப் பட்டையை அக்கா 'நூல்' என்றுதான் சொல்வார்.

"ஊசிக்காது இப்பல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. பலகையில பென்சில் கோடு போட்டா தடியா, பளிச்சுன்னு தெரியுது. வேற என்ன செய்யட்டும்? கையக் கட்டிக்கிட்டு உக்காரவா?" என்பார். தெருவுக்கே சட்டை தைத்துப் பிழைத்த கை. இனி ஸ்டூலும் அலமாரித் தட்டும் செய்து பிழைக்க வேண்டும்.

மெஷினை அவரேதான் பூட்டினார். ஆட்டம் கொடுத்த காலுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சொருகினார். நூலை மாட்டி, திருகை முறுக்கி, விரலால் சுண்டிப் பார்த்து, "இப்ப தையல் சுருங்காது" என்றார். சுவிட்சைப் போட்டால் பலகை அறுபடவே இல்லை. எம்பி எம்பிக் குதித்தது, புகைந்தது.

கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "அண்ணி, இது ஒண்ணும் தையல் மெஷின் இல்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு காரை உள்ள விட்டுருவேன். பாவம், வெயில்ல காயுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காருக்கு வெயில் சுடுகிறதாம்! வாரத்துக்கு ஒருமுறை கடைத்தெரு வரை போய்வருகிற கார் அது. இவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் மிடுக்காகப் போட்டுப்போன சட்டையைத் தைத்தது யார்? ஊசி பிடித்தபோது இனித்த கை, பலகையைப் பிடித்தால் மட்டும் கசக்கிறதாக்கும்!

ஞாயிறும் வந்தது. ஷெட்டை நோக்கிச் சரிகிற வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கொழுந்தன் இறங்காமல் ஹார்ன் அடித்தார். அக்கா திரும்பியே பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். கீழ்நோக்கித் தடவினால் குத்தியது, மேல்நோக்கித் தடவினால் வழுக்கியது.

"அட என் புத்தியே! கீழ பாக்க வேண்டிய பல்லு மேல பாத்துல்ல நிக்குது! துணிய உள்பக்கம் திருப்பியே தச்சுத் தச்சு, இதையும் அப்படியே மாட்டித் தொலைச்சிருக்கேன்."

பட்டையைக் கழற்றினார். தைத்து முடித்த சட்டைக் கையைப் புரட்டுவது போல உள்ளே இருந்ததை வெளியே திருப்பி மாட்டினார். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். பலகை வெண்ணெயாக அறுபட்டது.

"பாத்தீங்களா தம்பி, தப்பு என்னோடது. அந்த மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஓடுதுல்ல, சந்தோஷம். அப்படியே ஓரமா தள்ளி வைங்க அண்ணி, வண்டியும் நிக்கட்டும்" என்றார் கொழுந்தன், கொஞ்சமும் கூசாமல். காரின் மூக்கு மெல்ல உள்ளே நுழைந்து நின்றது.

அக்கா மெஷின் பக்கம் திரும்பினார். தடித்த கட்டை ஒன்றை எடுத்து, பென்சிலால் சாய்வாக ஒரு கோடு கிழித்து, கோடு பிசகாமல் அறுத்தார். ஒரு முனை தடித்து மறுமுனை கூர்ந்த ஆப்பு. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கார் இனி உள்ளே உருளாதபடி முன் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, குதிகாலால் ஓங்கி ஒரு உதை விட்டார்.