மூன்றாம் அத்தியாயத்தில் தீர்ந்துபோன பாயசம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே இன்றுவரை கம்பி இழுத்துக்கொண்டிருக்கும் ஆ. வைத்தியலிங்கம் ஆகிய நான், எழுபத்திரண்டு வயது நிரம்பியவன், எந்த ஆசிரியரிடமும் பாடம் கேளாமல் தொழில் கற்றவன், நல்ல நினைவோடும் எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதிவைக்கும் குறிப்புகள் இவை. எங்கள் தொழிலின் இலக்கணம் ஒரே வரியில் அடங்கும்: இணையம் ஓடினால் அது விஞ்ஞானத்தின் பெருமை; நின்றால் அது வைத்தியலிங்கத்தின் குற்றம்.

வானொலிப் பெட்டி பழுது பார்ப்பதில் தொடங்கி, மாடிதோறும் ஆண்டெனா கட்டி, பிறகு கேபிள் இழுத்து, இப்போது வீடுகளுக்குக் கண்ணாடி இழை வழியே இணையம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே இழையில் பேச்சும் போகிறது, படமும் போகிறது, கனத்த கோப்புகளும் போகின்றன. நெரிசல் வந்தால் எதை முதலில் விடுவது, எதைக் காக்கவைப்பது என்று வகுக்கும் ஒழுங்குக்குச் சேவைத் தரம் என்று பெயர். அதை வாடிக்கையாளருக்கு வாயால் விளக்கி விளக்கித் தொண்டை வற்றியதால், ‘நெரிசலில் யாருக்கு முதலிடம்?’ என்றொரு கையேடு எழுதி, அச்சிட்டு, வீட்டுக்கொன்றாகக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில், ‘தங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்கவும்’ என்று போட்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தாலே ஏணியைத் தேடும் என் சக தொழிலாளர்களே, நீங்கள் என்ன எழுதினாலும் அந்த வரியை மட்டும் எழுதாதீர்கள்.

மண்டிக்காரரின் சமத்துவம்

முதல் கருத்து முந்திரி மண்டி ராஜேந்திரனிடமிருந்து வந்தது. என்னை மாமா என்று கூப்பிடும் உரிமை உள்ளவர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மண்டியிலேயே சாய்ந்துகொண்டு படம் பார்ப்பது அவர் வழக்கம். கையேட்டின் முதல் அத்தியாயத்தில் பேச்சுக்கு முதலிடம், படத்துக்கு அடுத்த இடம், பதிவிறக்கத்துக்குக் கடைசி இடம் என்று கண்டதும், தம்மையே யாரோ பின்வரிசைக்குத் தள்ளிவிட்டதாக எண்ணிப் புத்தகத்தோடு வந்துவிட்டார்.

படம் என்பது சற்று முன்கூட்டியே வந்து சேர்ந்து காத்திருக்கக்கூடிய பொருள், பேச்சு அப்படியன்று, ‘அலோ’ என்ற சொல் தாமதமாக வந்தால் அதற்குப் பயனே இல்லை என்று நிறுத்தி நிதானமாக எடுத்துரைத்தேன். நெரிசலில் எல்லோருக்கும் முதலிடம் கொடுத்தால் ஒருவருக்கும் முதலிடம் இல்லை என்ற பத்தியையும் உரக்க வாசித்துக் காட்டினேன். முந்திரியில் சொத்தை பார்ப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக் கேட்டவர், எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: “அதெல்லாம் சரி மாமா. பேசாம எல்லாரையும் முதல் வரிசையிலயே போட்டுடுங்க. சண்டையே வராது பாருங்க.”

டிக்கெட் வாங்காத துண்டு

சிதம்பரத்தில் எனக்குச் சில இணைப்புகள் உண்டு. ஒரு நாள் பேருந்தில் அங்கே போகையில், என் மடியில் இருந்த கையேட்டைப் பார்த்து நடத்துநர் குமார் என்னவென்று விசாரித்தார். அவர் கேட்டது ஒரு கேள்வி. நான் வாசித்துக் காட்டியது ஐந்தாம் அத்தியாயம். குறிப்பிட்ட ஒருவருக்கென்று இழையில் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைக்கும் முறை பற்றியது அது. புறப்பட நிற்கும் பேருந்தின் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இருக்கை பிடிப்பதை அதற்கு உவமையாக வைத்திருந்தேன். துண்டுக்கு உடையவர் வரும்வரை வேறொருவர் அங்கே உட்கார முடியாதல்லவா? ஆகவே இம்முறையை அளவோடு கையாள்க என்று எச்சரித்தும் இருந்தேன்.

உவமையின் பொருத்தத்தை அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பல வருட மனக்குறையை என்னிடம் இறக்கிவைத்தார்: “துண்டு போட்டவன் ஏறிட்டான்னா தொல்லையே இல்ல சார். டீ குடிக்கப் போனவன் அப்படியே போயிடறான், துண்டு மட்டும் சிதம்பரம் வரைக்கும் உக்காந்து வருது. அதுகிட்ட யாரு டிக்கெட் கேக்கறது?”

அஞ்சலை அம்மாளின் ஒரே ஐயம்

கடலோரத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் அஞ்சலை அம்மாளே என் லட்சிய வாசகர் என்று நினைத்திருந்தேன். படகு வந்ததும் மீனைக் கைப்பேசியில் காட்டி, பேசி, விலை முடிப்பவர். பேச்சு அரை நொடி பிந்தினாலும் வஞ்சிரம் அடுத்தவர் கூடைக்குப் போய்விடும். அவர் வீட்டு இணையப் பெட்டியில் விளக்கு எரியவில்லை என்று போயிருந்தபோது, மருமகளை வாசிக்கச் சொல்லி மூன்றாம் அத்தியாயம் முழுவதும் கேட்டதாகச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்றாம் அத்தியாயம் கல்யாணப் பந்தியை வைத்து எழுதியது. அதன் சிகரமான வாக்கியம் இது: ‘நெரிசல் மிகும்போது கடைசி வரிசையில் நிற்பவற்றுள் சில, போய்ச் சேராமலே மறைந்துவிடும், ஒரு திருமணத்தில் எல்லோரையும் உபசரித்து முடித்துக் கடைசிப் பந்தியில் அமர்ந்த மாப்பிள்ளையின் தகப்பனாருக்கே பாயசம் கிடைக்காமற்போனதை இங்கு ஒப்பு நோக்குக.’

“எல்லாம் வெளங்குதுய்யா. ஒண்ணுதான் கேக்கணும். அந்த மாப்ள அப்பா யாரு?” என்றார் அம்மாள்.

உவமைக்கு ஊரும் பேரும் கிடையாது என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சிதம்பரத்துல உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நானும்தான வந்தேன். எனக்கு ரெண்டு தடவ ஊத்துனாங்களே.”

சிதம்பரத்திலிருந்து வந்த கருத்து

ஊகித்திருப்பீர்கள். அந்தத் தகப்பனார் என் சம்பந்தி தண்டபாணியேதான். சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். என் மகள் கலைச்செல்வியை அவர் மகனுக்குக் கொடுத்தபோது, தம் செலவில், தம் ஊரில் அந்தத் திருமணத்தை நடத்தியவர். என் கையேடு சிதம்பரம் வாடிக்கையாளர்களிடம் போன பிறகு, புடவை எடுக்க வந்தவர்களெல்லாம் முந்தானையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே பாயசத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். தினமும் காலையில் எனக்குப் போன் செய்பவர் நிறுத்திவிட்டார். இணைப்பில் பழுதோ என்று நான் வெளியூர்ப் பெட்டிகளையெல்லாம் சோதித்தேன். பழுது இல்லை.

அதே வேளையில் என் இளைய மகன் சரவணனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி போட வேண்டும். எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசினாள்: “மாமா வரமாட்டேங்கறாரு. அவரு வராத கல்யாணத்துக்கு நான் மட்டும் எப்படிப்பா வர்றது?”

நான் எழுதியதில் என்ன பிழை கண்டார் என்று கேட்டேன். “அதத்தான் அவரும் சொல்றாரு. பொய்யா எழுதியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பாராம். எழுதினதுல ஒரு தப்பும் இல்லயாம். அதான் கோவமாம்.”

கம்பத்தின் மேலிருந்து

என்னிடம் இணைப்பு வேலை பார்க்கும் முருகையன் கம்பத்தின் மேல் இருந்தபடியே இதைக் கேட்டான். அந்த வாக்கியத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடலாம் என்றான். நூலின் மிகச் சிறந்த உவமையை மறைப்பது நூலாசிரியனுக்கு அழகன்று, இதற்கு நிகரான இன்னொன்று கிடைப்பது அரிது என்று கீழே நின்று வாதாடினேன். அவன் பற்களுக்கிடையே கம்பி வெட்டும் குறடு இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னான்: “உவமை வேற கெடைக்கும்ணே. நாத்தனாரு வேற கெடைக்கமாட்டாங்க.”

அழைப்பும் ஆய்வுரையும்

நானும் மனைவியும் தாம்பூலத் தட்டோடு சிதம்பரம் போனோம். சம்பந்தியம்மாள் காபி கொடுத்தார். கலைச்செல்வி சமையலறை வாசலிலேயே நின்றாள். தண்டபாணி உள்ளே போய்க் கையேட்டை எடுத்துவந்து என் முன் வைத்தார். ஓரங்கள் மடங்கியிருந்தன, பென்சில் கோடுகள் தெரிந்தன. தாள் ஒட்டி மறைத்துவிடுகிறேன் என்று, என் கொள்கையை விழுங்கிக்கொண்டு, நானே சொன்னேன்.

“ஒட்டினா கிழிச்சிப் பாப்பாங்க சம்பந்தி. அது கெடக்கட்டும்,” என்றார். பிறகு விரலை அந்த வாக்கியத்தின் மேல் வைத்தார். “பாயசம் தீந்துதுன்னு எழுதினீங்க. ஏன் தீந்துதுன்னு எழுதினீங்களா? கேட்டவங்களுக்கெல்லாம் இன்னொரு தடவ ஊத்துங்கன்னு சொன்னவன் நான். பந்தியில உக்காந்து கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்ற வழக்கம் எங்க வீட்ல கெடையாது. இப்ப என்னமோ நான் கஞ்சத்தனமா காச்சின மாதிரி ஊரே பேசுது.”

எனக்கு அஞ்சலை அம்மாளின் ‘ரெண்டு தடவ’ நினைவுக்கு வந்தது. இழப்பைச் சொன்ன நான் இழப்பின் காரணத்தைச் சொல்லவில்லை. கேட்டவர்க்கெல்லாம் அளவின்றித் திறந்துவிட்டால் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது சேவைத் தரத்தின் அடிப்படை விதி. அதை என் நூலுக்கு வந்த கருத்துகளில் ஒரே ஒரு கருத்துத்தான் தொட்டிருந்தது; அதுவும் கோபித்துக்கொண்டவரிடமிருந்து. மறுபதிப்பில் அப்படியே சேர்க்கிறேன் என்று வாக்களித்தேன். என் மனைவி தட்டை நீட்டினாள். தண்டபாணி அதை வாங்கிக்கொள்ளும்படி சம்பந்தியம்மாளுக்குச் சைகை காட்டிவிட்டு எழுந்தார். “முகூர்த்த சீசன். கடையைப் பாத்துக்க ஆளில்ல. பாக்கலாம்.”

மூன்றாம் பந்தி

திருமண நாளன்று விடியற்காலையில் நான் மண்டப வாசலைவிட்டு அகலவில்லை. நாதஸ்வரக்காரர் தயாராகிவிட்டார். அப்போது சிதம்பரத்துக் கார் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து பட்டு வேட்டியோடு இறங்கிய தண்டபாணி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனார். பின்னாலிருந்து கலைச்செல்வி இறங்கி நேரே மணமேடைக்கு ஓடினாள். இரண்டு முடிச்சுகளும் உரியவர் கையால் விழுந்தன.

பிறகு பந்தி. ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் அடுத்த பந்திக்கு ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் உபசரித்துக்கொண்டே இருந்தேன். ராஜேந்திரன் முதல் பந்தியிலும் இருந்தார். இரண்டாம் பந்தியிலும் இருந்ததாகக் கேள்வி. மூன்றாம் பந்திக்கு நான் கை கழுவிக்கொண்டு வந்தபோது கண்ணுக்குத் தெரிந்த எல்லா இலைகளுக்கு முன்னாலும் ஆள் உட்கார்ந்தாயிற்று. முருகையன் காலி வாளியைக் கவிழ்த்துக் காட்டினான்: “பாயசம் தீந்துபோச்சுண்ணே.”

யாரோ சிரிப்பது கேட்டது. கோடியில் தண்டபாணி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இலை இல்லை. பக்கத்து நாற்காலியில் அவருடைய துண்டு விரிந்து கிடந்தது. அதற்கு நேரே போட்டிருந்த இலையில், வாழை இலைத் துண்டால் மூடிய ஓர் எவர்சில்வர் தம்ளர்.

“நீங்கள் சாப்பிடவில்லையா?” என்றேன்.

“நானா? முதல் பந்தியிலயே உக்காந்து மூணு தடவ வாங்கிட்டேன். பொஸ்தகம் படிச்சவனாச்சே,” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “இது அஞ்சாம் அத்தியாயம். உக்காருங்க சம்பந்தி, ஆறிடப் போவுது.”

ஒரு தொழில்நுட்பக் கையேட்டை வாசகர் ஒருவர் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டிப் படிக்க வேண்டுமானால் ஆசிரியர் அவரை முதலில் நன்றாகக் கோபப்படுத்தியிருக்க வேண்டும் என்ற தெளிவோடு, இவ்விவகாரம் வைகாசி மாதத்தின் கடைசி முகூர்த்தமான ஞாயிற்றுக்கிழமை பகலில் இனிதே தீர்ந்தது.