எருமைக்காக ஊற்றிய சொம்பு

பாலில் தண்ணீர் கலப்பவனைக் கண்டால் எனக்கு ஆகாது. கைக்குழந்தை குடிக்கிற பாலில் கை வைப்பவன் மனுஷனே இல்லை.

பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷம் இருக்கும். லாஸ்பேட்டையிலிருந்து சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போய் டவுனில் இருபது வீட்டுக்குப் பால் ஊற்றி வந்தேன். நகராட்சியை நாங்கள் மேரி என்போம். மேரி ஆள் ஒருவர் காலையில் சாலையில் நின்று, பாலில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். தண்ணீர் கலந்திருந்தால் குழாய் கூடுதலாக முங்கும். பாலைத் தரையில் கொட்டிவிடுவார். மூன்று முறை பிடிபட்டால் டவுனில் பால் ஊற்றவே முடியாது. நல்ல ஏற்பாடு என்று நான்தான் முதலில் சொன்னேன்.

என் பாலிலேயே குழாய் முங்கியது.

"யோவ், தண்ணிப் பந்தலா நடத்துற?" என்றார்.

"உன் கொழாய்ல ஓட்டை இருக்கும், போய்யா!"

கொட்டிவிட்டார். மறுநாளும் அதேதான்.

வீட்டுக்கு வந்து கேனை விட்டெறிந்தேன். மனைவி எருமைக்குத் தவிடு காட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனேன். வெறும் பாலக் காய்ச்சுனா இவளுக்கு மடி வெந்துடும். போன மாசம் மடி வீங்கி எப்படித் துடிச்சா!"

அடுப்பில் வைக்குமுன் பாலில் ஒரு துளி தண்ணீர் தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"துளிதானடி? சொம்பா?"

"டவுன்காரங்க தெளிக்கிறாங்களோ இல்லியோ. இருவது வீட்டுக்கும் சேத்து ஊத்திட்டேன்."

கத்த வாயெடுத்தேன். அவள் கை எருமையின் மடியைத் தடவிக்கொண்டிருந்தது. குரலைத் தணித்தேன்.

"இன்னொரு வாட்டி மாட்டுனா பொழப்பே போச்சு. நீ ஊத்தாத. வீட்டு வீட்டுக்கு நான் தெளிக்கச் சொல்றேன்."

"மறக்காம சொல்லணும்."

மறுநாள் குழாய் சரியாக நின்றது. "இன்னா, ஓட்டை அடஞ்சிபோச்சா?" என்று மேரிக்காரர் சிரித்தார். சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. சிலர் தலையாட்டினார்கள். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற வீட்டு அம்மா, "அடுப்புல இருக்கிறது பாலா, உங்க மாடா?" என்று சிரித்துக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்தபோது மனைவி கொட்டகையிலேயே காத்திருந்தாள்.

"எல்லாரும் தெளிச்சாங்களா?"

"தெளிச்சாங்க."

அவள் முகம் தெளிந்தது. தினமும் கேட்டாள். தினமும் அதையே சொன்னேன்.